ஆளுக்கு ஒரு இஞ்ச்

அத்தியாயம் 17

போன வாரம் நாம் விட்ட இடத்தில் அப்பா தரையில் கிடந்தார். அவர் எழுந்து உட்கார்ந்து ஐந்து நாள் ஆகிறது, நெற்றியில் ஆறு தையலோடு. இன்றைக்குத் தரையில் கிடப்பது அவர் பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகள்.

மேலே கிடந்தவன் மூத்தவன். வெல்டிங் வேலை. தெரு முழுக்க அவனுக்கு இரும்பு என்றே பேர். கீழே கிடந்தவன் இளையவன். இயந்திரங்களுக்குப் படம் வரைகிறவன், அதனால் பென்சில். இரும்பின் முழங்கால் பென்சிலின் நெஞ்சில் இருந்தது. இரும்பின் வலது கை பென்சிலின் தொண்டையில் இருந்தது. மணி காலை ஒன்பது.

“சொல்லுடா. உன் படம்தானே தப்பு? வாயைத் திறந்து சொல்லு.”

தொண்டையை நெரித்துக்கொண்டே வாயைத் திற என்றால் யார்தான் திறப்பார்கள்? பென்சிலின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. கை மட்டும் தரையைத் துழாவியது. மேஜையிலிருந்து சிதறிய சாமானில் காம்பஸ் தட்டுப்பட்டது. வட்டம் போடுகிற காம்பஸ், ஒரு கால் ஊசி. எடுத்தான். அண்ணனின் இடது முன்கையில் ஒரே குத்து.

இரும்பு கத்தவில்லை. தீப்பொறி பட்டுப் பட்டு மரத்துப்போன கை அது. கையில் நின்றுகொண்டிருந்த காம்பஸை யாரோ வீட்டு ஆணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிடுங்கி எறிந்தான். பிறகு தம்பியைச் சட்டையோடு தூக்கி, மேஜை விளிம்பில் முகம் படும்படி அறைந்தான். மூக்கு உடைந்த சத்தம் காய்ந்த குச்சியை மிதித்த மாதிரி கேட்டது.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஊசி ஓடி வந்தாள்.

ஊசி இருவருக்கும் நடுவில் பிறந்தவள். தையல்காரி. அவள் கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் ஒயர் வால் மாதிரி பின்னால் ஆடியது. பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

“அடுத்து எவன் கை நீட்டுறானோ, அவன் கன்னத்துல மடிப்பு எடுத்துடுவேன்.”

“நீ போ ஊசி. இது ஆம்பளைங்க விவகாரம்.”

“ஆம்பளைங்க விவகாரமா? கீழ விழுந்தது எனக்கும் அப்பாதான்.” பெட்டியை அண்ணனின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டினாள். மீசை முடி சுருண்டது. “விடு அவனை.”

விட்டான். பென்சில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வரைபடத்தில் சொட்டியது.

“சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வர்றாங்க,” என்றான் இரும்பு, கையில் கந்தலைச் சுற்றிக்கொண்டே. “அவங்க முன்னாடி அது தூக்கலைன்னா, அஞ்சு மணிக்கு இவன் இந்த வீட்டுல இருக்கக் கூடாது. நானா இவனானு பாத்துடலாம்.”

“நீ என்னை அனுப்ப வேண்டாம். நானே போறேன்,” என்றான் பென்சில். மூக்கு அடைத்ததால் சளி பிடித்தவன் பேசுவதுபோல வந்தது. “கோணலா வெல்டிங் வச்சவன்கூட எவன் இருப்பான்?”

“யாருடா கோணல்?”

“பெட்டி இன்னும் சூடாத்தான் இருக்கு,” என்றாள் ஊசி.

அவர்கள் சொல்லும் அது என்ன என்றால், ஒரு தூக்கு நாற்காலி. நான்கு சக்கரம், நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியிலிருந்து நீளும் ஒரு கை. அந்தக் கையில் இரண்டு பக்கக் கம்பிகள், கம்பிகளுக்கு நடுவே கொக்கியில் தொங்கும் துணி இருக்கை; அதில் தொடைக்கு இரண்டு பட்டை, முதுகுக்கு ஒரு பட்டை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை அந்தத் துணியில் உட்கார்த்தி, ஜாக்கியை நாலு அழுத்து அழுத்தினால் ஆள் மேலே வருவார். ஜாக்கியின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. அதை மெல்லத் திருப்பினால் மெல்ல இறங்குவார். சட்டென்று திருப்பினால் சட்டென்று இறங்குவார். அப்பா லாரி ஓட்டிய காலத்து ஜாக்கி அது. எட்டு மாதம் முன்னால் இடுப்பு உடைந்து அவர் படுத்ததிலிருந்துதான் இந்த யோசனையே பிறந்தது.

பென்சில் வரைந்தான், இரும்பு பற்றவைத்தான், ஊசி தைத்தாள். போன வாரம் அப்பாவை முதல்முதலாக ஏற்றினார்கள். இடுப்பு உயரம் வந்தார். அடுத்த நொடி தரையில் கிடந்தார். நெற்றி நேராக நாற்காலியின் இரும்புக் காலில் மோதியது.

ஐந்து நாளாக வீட்டில் ஒரே கேள்வி. யார் தப்பு? அண்ணன் தம்பியைச் சொன்னான், தம்பி அண்ணனைச் சொன்னான், இருவரும் களைத்தபோது தையல் விட்டிருக்கும் என்று ஊசியைச் சொன்னார்கள். அவர் விழுந்த ராத்திரியே அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்துவிட்டாள். ஒரு நூல் அறவில்லை. கம்பியும் வளையவில்லை. கொக்கியும் கழலவில்லை.

எதுவும் உடையவில்லை. ஆனால் ஆள் விழுந்தார்.

ஊசிக்கு ஆஸ்பத்திரி அந்த நாற்காலியை வாங்குவதும் வாங்காததும் இரண்டாம்பட்சம். நாலு மணிக்குள் அந்தக் காரணம் கிடைக்காவிட்டால் இந்த வீட்டில் ஒரு தம்பி இருக்க மாட்டான், அல்லது ஒரு கொலை நடந்திருக்கும். அண்ணனின் கண்ணைப் பார்த்தால் இரண்டாவதுக்கும் இடம் இருப்பதாகத்தான் தெரிந்தது.

* * *

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். தையல் போட்ட நெற்றி வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது.

“யாரு மூக்கு?” என்றார்.

“தம்பி மூக்கு.”

“கேட்டப்பவே நெனச்சேன். பெரியவன் மூக்கா இருந்தா மேஜை உடைஞ்சிருக்கும்.”

ஊசி சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, அன்னைக்கு என்ன ஆச்சு? யாரு தப்புனு கேக்கல. உங்க உடம்புக்கு என்ன தெரிஞ்சுது?”

ஐந்து நாளில் அவரிடம் இதை யாரும் கேட்கவில்லை.

“நான் விழல ஊசிம்மா. நழுவினேன். பெரிய சட்டைப் பையில ஒத்தைச் சாவியைப் போட்டா எப்படி ஆடும்? அப்படி இருந்துச்சு. கையை நீட்டினா துணி எங்கயோ இருக்கு, நான் எங்கயோ இருக்கேன். பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இல்ல.”

ஊசியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தூங்கும் நேரம் தவிர அங்கே எப்போதும் ஒரு அளவுநாடா தொங்கும்.

“எழுந்து உட்காருங்க. அளவு எடுக்கணும்.”

“எதுக்குடி? எனக்கு என்ன புதுச் சட்டையா?”

“உட்காருங்கப்பா.”

தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். எலும்பு கையில் குத்தியது. போர்வையை விலக்கி, உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பிடித்தாள்.

பதினாலு இஞ்ச்.

நாடாவைத் திரும்பப் பிடித்தாள். மறுபடியும் பதினாலு. இந்தத் துணியை அவள் தைத்தது பத்தொன்பதுக்கு.

* * *

பட்டறை மூன்று அறை. ஒரு காலத்தில் ஒரே கொட்டகையாக இருந்தது. எட்டு வருடம் முன்னால் வெல்டிங் பொறி பறந்து ஊசியின் துணிக்கட்டு எரிந்து, அதை அணைக்க ஊற்றிய தண்ணீரில் பென்சிலின் படங்கள் ஊறி, அன்றைக்கும் இப்படித்தான் மூவரும் உருண்டார்கள். மறுநாள் அப்பா லாரியை நிறுத்திவிட்டு வந்து, தன் கையாலேயே இரண்டு குறுக்குச் சுவர் எழுப்பினார். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு; நடு அறை இரும்புக்கு. ஒவ்வொரு சுவரிலும் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, சாமான் கொடுத்து வாங்க. அன்றிலிருந்து அடுத்தவன் அறைக்குள் காலை வைத்தால் அது சண்டைக்குத்தான்.

ஊசி முதலில் பென்சிலின் அறைக்குப் போனாள். அவன் மூக்கில் இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“படத்துல அகலம் எவ்வளவு போட்ட?”

“பதினேழு.”

“அப்பாவை அளந்தியா?”

பென்சில் மூக்குப் பஞ்சை இன்னும் உள்ளே தள்ளினான்.

“அளந்தியாடா?”

“அவரைத் தொட்டு அளக்க எனக்கு மனசு வரலக்கா,” என்றான். “போர்வையை எடுத்தா சூம்பிப்போன அந்தக் காலைப் பாக்கணும். கதவுக்குப் பின்னாடி அவர் பழைய பேன்ட் தொங்குதுல்ல, அதை விரிச்சு அளந்தேன். பதினாறு. அவருக்கு இடுப்பு வலிக்கக் கூடாதேன்னு ஒரு இஞ்ச் சேத்துப் போட்டேன்.”

அந்த பேன்ட்டைத் தைத்தது ஊசிதான். அப்பா நன்றாக இருந்தபோது அவருக்கு இடுப்பு அகலம் பதினஞ்சு. லாரியில் நாள் முழுக்க உட்காருகிறவராயிற்றே என்று அவளே ஒரு இஞ்ச் விட்டுத் தைத்திருந்தாள்.

அவள் இரும்பின் அறைக்குப் போனாள். அவன் கையில் சுற்றிய கந்தல் முழுக்கச் சிவப்பாகியிருந்தது. அவன் அதைச் சட்டை செய்யாமல் ஒரு கம்பியைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். நேரான கம்பிதான். அவனுக்கு எதையாவது அடிக்க வேண்டியிருந்தது.

“படத்துல பதினேழு. நீ எவ்வளவு வெட்டின?”

“பதினெட்டு.”

“ஏன்?”

“பத்தவச்சா இரும்பு உள்ள இழுக்கும். அப்புறம் பிசிறு அரைக்கணும். அதுக்கும் மேல...” அடியை நிறுத்தினான். “கம்பி அப்பா தொடையில உரசுமோன்னு இருந்துச்சு. தோல் ஏற்கனவே புண்ணு.”

“எனக்கு ஓட்டை வழியா என்னன்னு கத்தின?”

“பதினெட்டுனு கத்தினேன். அதானே இருந்துச்சு.”

அது அப்பாவின் அளவு என்றுதான் ஊசி நினைத்திருந்தாள். உட்கார்ந்தால் துணி பிடிக்கக் கூடாது என்று ஒரு இஞ்ச் விட்டுத் தைத்தாள். பத்தொன்பது.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன?” என்றான் இரும்பு. “என்னடி? சொல்லித் தொலை.”

ஓட்டை வழியே பென்சிலின் பஞ்சு மூக்கும் எட்டிப் பார்த்தது.

“அப்பாவோட அளவு பதினாலு,” என்றாள். “படுக்கை ஒரு இஞ்ச் தின்னுடுச்சு. பேன்ட்டுல நான் ஒரு இஞ்ச் விட்டேன். படத்துல அவன் ஒரு இஞ்ச் விட்டான். இரும்புல நீ ஒரு இஞ்ச் விட்ட. துணியில நான் திரும்ப ஒரு இஞ்ச் விட்டேன். ஆளாளுக்கு அப்பாவுக்கு வலிக்கக் கூடாதுன்னு கொஞ்சம் விட்டோம். ஒருத்தர்கூட அடுத்தவங்ககிட்ட சொல்லல. அந்தக் கொஞ்சம் எல்லாம் சேர்ந்துதான் அவரைக் கீழ போட்டுச்சு.”

வெளியே ஏதோ வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

இரும்பு கையிலிருந்த சுத்தியலைச் சுவரில் எறிந்தான். அது ஓட்டைக்கு ஒரு சாண் பக்கத்தில் பட்டது. பென்சிலின் தலை மறைந்தது.

“டேய், என்மேலயா எறியுற?”

“உன்மேல எறிஞ்சா படாம போகுமாடா? சுவர்மேல எறிஞ்சேன்!”

* * *

மணி பத்தரை. புதிதாகத் தைக்க வேண்டும், கம்பியை வெட்டிக் குறைக்க வேண்டும். ஆனால் இந்தத் தடவை ஊசி வெறும் எண்களை நம்பத் தயாராக இல்லை.

“அப்பா துணியில தொங்கிட்டு இருக்கும்போதே குண்டூசி குத்தி அளவு வைக்கணும். வச்ச கையோட தைக்கணும். தச்சு மாட்டி, திரும்பப் பாக்கணும்.”

“அண்ணன் ரூம்ல நிக்கிற தூக்கு நாற்காலியை உன் ரூமுக்குக் கொண்டு வரணும்னா கதவு பத்தாது,” என்றான் பென்சில். “சட்டம் மூணரை அடி. கதவு ரெண்டரை.”

“மெஷினை இங்க கொண்டு வா,” என்றான் இரும்பு.

“அது தடித்துணி தைக்கிற மெஷின். சிமென்ட்ல போல்ட்டுப் போட்டு இறுக்கினது நீதான். மறந்துட்டியா?”

அது வராது, இது போகாது. நடுவில் நின்றது அப்பா கட்டிய சுவர்.

இரும்பு மூலையிலிருந்து சம்மட்டியை எடுத்தான். காம்பஸ் குத்திய கையில் பிடி நிற்கவில்லை, சம்மட்டி நழுவித் தரையில் விழுந்தது. பென்சில் கதவு வழியே சுற்றி வந்து அதை எடுத்தான். எடுத்தவன் அண்ணனையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். தம்பியின் கையில் பத்து கிலோ இரும்பு, எதிரே அண்ணனின் தலை.

“தள்ளு,” என்றான் பென்சில்.

முதல் அடியில் காரை உதிர்ந்தது. இரண்டாவதில் ஒரு செங்கல் பிளந்தது. மூன்றாவதுக்குள் அவன் மூக்குப் பஞ்சு தெறித்து மறுபடி ரத்தம் ஊற்றியது.

“சம்மட்டியா பிடிச்சிருக்க? பேனாவா பிடிச்சிருக்க? குடு இங்க!”

“நீ ஒத்தைக் கையன்! ஓரமா நில்லு!”

“எவன்டா என்னை ஒத்தைக் கையனாக்கினது?”

ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு. எட்டு வருட வசவு சேர்ந்து கிடந்தது இருவரிடமும். அண்ணன் கல்யாணத்தன்று தம்பி வராதது, தம்பி வரைந்த படத்தில் அண்ணன் சாப்பாட்டுத் தட்டை வைத்தது, யாரோ யாருடைய சைக்கிளையோ விற்றது. சொல்லிச் சொல்லி அடித்தார்கள். செங்கல் தெறித்துப் பென்சிலின் புருவம் கிழிந்தது. சில்லு ஒன்று இரும்பின் கன்னத்தில் கோடு போட்டது. மனுசனை அடிக்க வேண்டிய பலம் எல்லாம் கல்லில் இறங்கியது.

வீட்டுக்குள்ளிருந்து அப்பா கத்தினார்: “டேய்! அது என் சுவருடா! ஒண்ணரை நாள் கட்டினேன்டா!”

அடி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அவர் குரல்: “மேல இருந்து அடிங்கடா முண்டங்களா! கீழ அடிச்சா மொத்தமும் தலையில விழும்!”

பதினொன்றரைக்கு அந்தச் சுவர் இல்லை. ஊசி தன் துணிக்கட்டுகள் எல்லாவற்றின்மேலும் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். தூக்கு நாற்காலி செங்கல் குவியலைத் தாண்டி, குலுங்கிக் குலுங்கி, மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்பாவைத் தூக்கிவந்து, கட்டிலையும் சாய்த்துக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டார்கள்.

“ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க,” என்றாள். “இனிமே எவன் எவ்வளவு விட்டாலும் வாயால சொல்லிட்டு விடணும்.”

* * *

இரும்பின் பெண்டாட்டி, மற்ற இருவருக்கும் அண்ணி, வேலை முடிந்து பன்னிரண்டரைக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு மணிக்கு வரப்போகும் தலைமை நர்ஸிடம், அதாவது பெரிய சிஸ்டரிடம், இந்த நாற்காலியைப் பற்றிச் சொன்னதே அவள்தான்.

வாசலில் நின்று பார்த்தாள். சுவர் இருந்த இடத்தில் செங்கல். புருஷன் கையில் ரத்தக் கந்தல். கொழுந்தன் முகம் பிதுங்கிய பழம் மாதிரி. நடுவில் மாமனார், துணியில் பாதி தொங்கிக்கொண்டு, சுற்றிலும் குண்டூசி.

“ஆஸ்பத்திரியிலதான் வார்டு இருக்குனு நெனச்சேன்,” என்றாள். “வீட்டுலயும் தொறந்துட்டீங்களா?”

பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். பென்சிலின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஒரே திருகு. அவன் அலறினான். மூக்கு நேராயிற்று. அடுத்து புருஷனின் கை. கந்தலை அவிழ்த்து மருந்தை ஊற்றினாள், அவன் முகத்தைப் பார்க்காமலே.

“கூர்முனை உள்ள உடைஞ்சிருக்கானு பாரு,” என்றான் இரும்பு.

அவள் பதில் சொல்லவில்லை. அவன் அவளுடைய இடது பக்கம் நின்றிருந்தான். அண்ணிக்கு மூன்று வாரமாய் இடது காது கேட்பதில்லை. அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். யாராவது பேசினால் வலது பக்கத்தைத் திருப்புவாள். இப்போது திருப்பவில்லை.

பிறகு துணியைப் பார்த்தாள். கையை உள்ளே விட்டு, மாமனாரின் தொடைக்கு அடியில் இழுத்துப் பார்த்தாள்.

“அளவு சரி. ஆனா இது நல்லா இருக்கிறவன் உட்கார்ற நாற்காலி. நோயாளி உட்கார மாட்டான் ஊசி, வழிவான். கால்ல பலம் இருந்தாத்தானே ஊணுவான்? முழங்கால் இடுப்பைவிட ஒசரத்துல நிக்கணும். அப்பத்தான் உடம்பு மடிஞ்சு துணிக்குள்ள உட்காரும். ரெண்டு தொடைப் பட்டையையும் குறுக்க மாத்தி மாட்டு. இடது பட்டை வலது கொக்கிக்கு, வலது பட்டை இடது கொக்கிக்கு.”

பென்சில் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துத் தரையிலேயே வரைந்தான். நாலு கோடு. அதைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தபடி நின்றது.

“தொடைக் கொக்கி முன்னாடி வரணும் அப்படின்னா. ரெண்டு இஞ்ச்.”

“அப்படியேவா, கூட விட்டா?” என்றான் இரும்பு.

“அப்படியே. ஒண்ணும் விடல. சரியா ரெண்டு.”

“அரைக்கிறதுக்கு நான் கால் இஞ்ச் விடறேன். சொல்லிட்டேன்.”

“சரி, அந்தக் கால் இஞ்சை நான் துணியில பிடிச்சுடறேன்,” என்றாள் ஊசி. எட்டு வருடத்தில் இந்தக் கொட்டகையில் இப்படி ஒரு பேச்சு நடந்ததில்லை. ஆனால் அவள் மனது வேறொன்றில் மாட்டிக்கொண்டது. குறுக்குப் பட்டை போட்டிருந்தால், அன்றைக்கு ஐந்து இஞ்ச் தொளதொளப்பிலும் அப்பா விழுந்திருக்க மாட்டார்.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணி?”

அண்ணி பஞ்சைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

“சொல்லலைன்னு யாரு சொன்னா?”

இரும்பு கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டு வெல்டிங்கைப் பற்றவைத்தான். அதற்குமேல் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

* * *

பெரிய சிஸ்டர் குள்ளமான, கனத்த கண்ணாடி போட்ட பெண். சொன்னபடி நாலு மணிக்கு வந்தார். செங்கல்லைப் பார்த்தார், மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார்.

“இந்த நாற்காலி ஆளைத் தூக்குமா, அடிக்குமா?”

“ரெண்டும் பழகியிருக்கு,” என்றார் அப்பா. “மொதல்ல என்னைத் தூக்கட்டும்.”

ஊசி பட்டைகளைக் குறுக்கே மாட்டினாள். இரும்பு ஜாக்கியை அழுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. துணி இறுகியது, அப்பாவின் முழங்கால் மேலே மடிந்தது. கட்டிலைவிட்டு எழும்பினார். ஊசி கையை அவருக்கு அடியில் ஏந்திக்கொண்டே நகர்ந்தாள். தேவையே படவில்லை. அவர் அசையவில்லை, ஆடவில்லை. பழைய லாரியின் இருக்கையிலிருந்து தெருவைப் பார்ப்பதுபோல, இடிந்த சுவருக்கு மேலாக இரண்டு அறையையும் ஒரே கொட்டகையாகப் பார்த்தார். வீங்கிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது வீக்கத்தால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இறக்கினார்கள். பென்சில் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தலையைக் கொஞ்சமாய் அசைத்தான். வீட்டைவிட்டுப் போகும் பேச்சு அந்த அசைவில் முடிந்தது.

“நல்லா இருக்கு,” என்றார் பெரிய சிஸ்டர். “ஆனா இவர் தலகாணி கனம். எங்க வார்டுல நூறு கிலோ ஆளெல்லாம் கிடக்காங்க. இங்க கனமான ஆள் யாரு?”

எல்லோரும் இரும்பைப் பார்த்தார்கள்.

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். ஊசி தொடைப் பட்டைகளையும் முதுகுப் பட்டையையும் மாட்டினாள். நோயாளி கைதவறிக் கழற்றிவிடக் கூடாது என்று முதுகுப் பட்டையின் கொக்கியைக் கை எட்டாதபடி பின்னால் பற்றவைத்தவன் அவனேதான்.

“யாரு ஏத்தப் போறீங்க?” என்றார் பெரிய சிஸ்டர்.

“நர்ஸ்தானே ஏத்தணும்,” என்று அண்ணி முன்னால் வந்தாள்.

ஒரு கையால் அழுத்தினாள். இரும்பின் குதிகால் தரையைவிட்டது. விரல் நுனி தரையைவிட்டது. அவள் நிறுத்தவில்லை. அப்பாவை ஏற்றிய உயரத்தைத் தாண்டியும் ஏற்றினாள். போன வாரம் அப்பாவின் நெற்றி மோதிய அதே இரும்புக் கால், இப்போது அவனுக்கு நேர் கீழே.

“போதும்,” என்றான். “இறக்கு.”

அண்ணி ஜாக்கியின் கைப்பிடியை விட்டுவிட்டுத் திருகின்மேல் விரலை வைத்தாள்.

“பட்டையைக் குறுக்க மாட்டணும்னு மூணு வாரத்துக்கு முன்னாடியே ஒருத்தி சொன்னா,” என்றாள், சமையல் குறிப்புச் சொல்கிற குரலில். “படம் வந்த அன்னைக்கே. இரும்பு ரூம்ல. அதுக்கு அவளுக்கு என்ன கெடச்சுதுன்னு இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க.”

“ஏய். வெளி ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். போன வாரம் நானும் பக்கத்துலதான் நின்னேன். துணி தொளதொளன்னு இருந்தது எனக்குத் தெரிஞ்சுது. பயந்து வாயை மூடிட்டு நின்னேன். மாமா நெத்தியில இருக்கிற ஆறு தையல்ல மூணு என்னுது. நான் ஒத்துக்கறேன். மீதி மூணு யாரோடதுனு நீங்க சொல்லுங்க.”

இரும்பு கையைப் பின்னால் வளைத்துக் கொக்கியைத் தேடினான். எட்டவில்லை. காலை உதைத்தான். நாற்காலி ஆடியது, ஆளை விடவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்கள்.

பென்சில் ஓர் அடி முன்னால் வந்தான். ஊசி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அலமாரிக் கதவு என்ற சொல் அவள் மண்டைக்குள் இப்போதுதான் உடைந்து சிதறிக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலிலிருந்து மூத்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இறக்குடி,” என்றான் இரும்பு. அந்தக் குரலில் பலமே இல்லை. கால் தரையில் இல்லாதவனின் குரல் அது.

அண்ணியின் விரல் திருகை ஒரு மயிரிழை திருப்பியது. அவன் ஒரு இஞ்ச் இறங்கி நின்றான்.

“சத்தமா சொல்லுங்க,” என்றாள் அண்ணி, கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு.